கிடாரம் கழுவும் கைக்கும் ஒரு என்வலப்

வட்டக்கச்சியில் காலபோக நெல் விற்ற காசு கைக்கு வந்தால் கல்யாணங்கள் நெருங்கி வரும். ஒரு காலத்தில் பந்தல் போட, மரக்கறி வெட்ட, பந்தி பரிமாற அயலட்டைச் சனமே போதும். கூலி கிடையாது, அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் நாமும் போய்க் கை கொடுப்போம். இன்று சமையல், மணவறைச் சோடனை, வீடியோ, மேக்கப், கதிரை மேசை எல்லாமே ஓடர். ஒவ்வொன்றுக்கும் பேரம் பேசி அட்வான்ஸ் கொடுக்கிறோம். சந்தோசக் காசு மட்டும் முன்கூட்டிப் பேசப்படுவதில்லை. கல்யாண அமளியில் யார் கண்ணில் படுகிறாரோ அவருக்கே அது போய்ச் சேர்கிறது.

கண்ணில் படுகிறவர்கள் யார்? ஐயருக்குத் தட்டில் தட்சணை இருக்கிறது. தாலி கட்டி முடிந்ததும் மேளகாரரை யாரோ ஒரு மாமா கவனித்துவிடுவார். வீடியோக்காரத் தம்பியின் பொக்கற்றுக்குள்ளும் ஒரு தாள் போகும். மண்டபத்தின் பின்பக்கம் குழாயடியில் குந்தியிருந்து, அடிப்பிடித்த கிடாரத்தைப் பொச்சும் சாம்பலும் போட்டுத் தேய்க்கும் அக்காவை யாரும் கவனிப்பதில்லை. எச்சில் லஞ்ச் சீற்றுகளைச் சாக்கில் அள்ளுகிறவரும் எந்தப் படத்திலும் விழுவதில்லை. போரில் துணையை இழந்து, பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் பெண்களும் இந்த வேலைக்கு வருகிறார்கள்.

"அவைக்குக் கல்யாண வீட்டார் ஏதும் குடுப்பினம்தானே" என்று சொல்லி நாட்கூலியில் கைவைப்பது இதைவிட மோசம். 2016இல் வந்த தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் ஒரு நாளுக்கு 400 ரூபாய் என்று தொடங்கியது. 2025 ஏப்ரலில் அது 1,080 ரூபாயாக உயர்ந்தது. சந்தோசம் அதற்கு மேலே வருவது, அதை நிரப்ப வருவதல்ல. அமெரிக்காவில் டிப்ஸ் பெறும் பணியாளருக்கு முதலாளி தரவேண்டிய மத்திய அரசின் அடிப்படைக் கூலி, மணிக்கு 2.13 டொலர் என்று 1991இலிருந்து அசையாமல் நிற்கிறது. மிச்சத்தை வாடிக்கையாளரின் மனதை நம்பி விட்டதால் வந்த வினை. பிரித்தானியாவில் 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டமோ, டிப்ஸ் முழுவதும் பணியாளருக்கே போகவேண்டும் என்கிறது. இலண்டனிலிருந்து கல்யாணத்துக்கு வரும் நம்மவர் பலர் அங்கு உணவகங்களில் நின்று உழைத்தவர்கள். பவுண் கணக்கில் ஒருவருக்கே அள்ளிக் கொடுப்பதைவிட, அந்த நியாயத்தை அவர்கள் இங்கே கொண்டுவரலாம்.

கடன்பட்டுக் கல்யாணம் செய்யும் வீட்டை இன்னும் நெருக்கச் சொல்லவில்லை. கூலி கடமை; சந்தோசம் விருப்பம். ஆனால் கொடுப்பதென்றால் பின்பக்கத்திலிருந்து தொடங்கட்டும். தொகை சிறிதானாலும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். குடிமைத் தொழில் என்ற பெயரில் சிலரை முற்றத்தில் காத்துநிற்க வைத்து, அரிசியும் துணியும் கொடுத்த சமூகம் நம்முடையது. "அண்ணை, சந்தோசம் ஒண்டும் இல்லையோ?" என்று ஒருவரைக் கேட்க வைப்பது அந்த வழக்கத்தின் மிச்சம்தான். முதல்நாளே பெயர் எழுதிய என்வலப்புகளைக் கட்டி, கணக்குப் பார்க்கும் சித்தப்பாவிடம் கொடுத்துவைத்தால் போதும். வேலைக்குழுவின் தலைவரிடம் மொத்தமாகக் கொடுக்காமல் அவரவர் கையில், அவர்கள் வீட்டுக்குப் புறப்பட முன்னரே கொடுக்க வேண்டும்.

சமையல் ஓடர் கொடுக்கும்போதே "எத்தினை பேர் வருவினம், ஆளுக்கு எவ்வளவு குடுக்கிறியள்?" என்று கேட்டுவிட வேண்டும். அதற்குப் பதில் சொல்லத் தயங்குகிறவருக்கு அட்வான்ஸ் கொடுக்கத் தேவையில்லை.