பகிரும் திரை யாருக்கு உரியது?

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் செய்திப் போக்குவரத்து வரலாற்றில் 2020 ஆகஸ்டு 10 குறிப்பிடத்தக்க நாளாகும். சென்னையைத் தீவுகளோடு இணைக்கும், மொத்தம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழை வடம் அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரையும், சுவராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், சிறிய அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் ஆகிய இடங்களையும் அவ்வடம் இணைக்கின்றது.

அதற்கு முன்னர் தீவுகள் பெரும்பாலும் செயற்கைத் துணைக்கோள்களையே நம்பியிருந்தன. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் துணைக்கோளுக்குச் சென்று மீள, ஒரு சொல்லுக்கு ஏறக்குறைய கால் நொடி ஆகும். வினா செல்லவும் விடை திரும்பவும் அரை நொடி ஆகும். ஒளியிழையிலோ, மேற்சொன்ன 2,300 கிலோமீட்டர் முழுவதையும் ஒளி ஒரு நொடியின் எண்பதில் ஒரு பங்கில் கடந்துவிடும். கப்பலையும் வானிலையையும் எதிர்நோக்கியிருந்த பயிற்சிக் கூட்டங்களை இணையவழியில் நடத்துவதற்கு இவ்வசதி பெருந்துணை புரிகின்றது.

ஆனால், வழி செப்பனிடப்பட்டதாலேயே சரக்கு பழுதின்றி வந்து சேரும் என்று கொள்ளலாகாது. பேசுவோர் தம் கணினித் திரையில் காட்டுவதைக் கேட்போர் படிக்க இயலாவிடின், வடத்தால் விளையும் பயன் பாதியாகிவிடும். இதற்குக் காரணம் பல வேளைகளில் இணைப்பின் குறை அன்று. பேசுவோரின் மேசையில் உள்ள திரைகளின் மிகுதியே ஆகும்.

இன்று பல அலுவலகங்களில் ஒரு கணினியோடு இரண்டு மானிட்டர்கள் பொருத்தப்படுகின்றன. ஒன்றில் அட்டவணை, மற்றொன்றில் கடிதம் என வைத்துப் பணியாற்றுவது எளிது. இதில் தவறேதும் இல்லை. கூட்டம் தொடங்கி, ‘திரையைப் பகிர்க’ என்னும் பொத்தானை அழுத்தும்போதுதான் தொல்லை பிறக்கின்றது.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். பயிற்சி அலுவலர் ஒருவர் தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டைப் பற்றிப் பேசுகின்றார். மருந்தளவு அட்டவணை அவர்முன் 53 சென்டிமீட்டர் அகலமுள்ள திரையில் விரிந்திருக்கின்றது. அதில் ஓர் எழுத்தின் உயரம் 3 மில்லிமீட்டர். கமோர்ட்டாவில் உள்ள களப்பணியாளர் அதனைக் கைப்பேசியில் காண்கின்றார். கிடைமட்டமாகப் பிடித்தாலும் அக்கைப்பேசியின் திரை அகலம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர்தான். ஆகவே அவ்வெழுத்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சுருங்குகின்றது. அலுவலரின் திரை, இப்போது விற்பனைக்கு வரும் 80 சென்டிமீட்டர் அகலத் திரையாயின், எழுத்து ஏறக்குறைய அரை மில்லிமீட்டராகிவிடும். 2.5 என்னும் எண்ணிலுள்ள புள்ளி அங்கே என்னாகும்? அது மறைந்தால் 2.5 மில்லிலிட்டர் 25 மில்லிலிட்டராகப் படிக்கப்படும். மருந்து பத்து மடங்காகும். இத்தீங்கு தோப்பையும், அதை நம்பி வாழும் குடும்பத்தையும் சாரும்.

களப்பணியாளர் ஏன் கேட்கவில்லை என்று வினவலாம். பலர் கூடியிருக்கும் கூட்டத்தில், மேலதிகாரி பேசிக்கொண்டிருக்கையில், ‘ஐயா, எனக்குத் தெரியவில்லை’ என்று இடைமறிக்க எத்தனை பேர் துணிவர்? வகுப்பில் கடைசி வரிசை மாணவன் கரும்பலகை தெரியாமல் வாளாவிருப்பதை ஆசிரியர்கள் நன்கறிவர். இணையவழிக் கூட்டத்தில் அக்கடைசி வரிசை நம் கண்ணுக்கே தென்படுவதில்லை.

இரண்டாவது கேடு, காட்டக்கூடாததைக் காட்டுவது. முழுத்திரையைப் பகிர்வோர், அத்திரையில் திடீரெனத் தோன்றும் அஞ்சல் அறிவிப்பையும், திறந்து கிடக்கும் மாணவர் மதிப்பெண் பட்டியலையும், நோயாளிகளின் பெயர் வரிசையையும் சேர்த்தே பகிர்கின்றனர். யாவரும் யாவரையும் அறிந்த சிறு தீவில், ஒருமுறை வெளிப்பட்ட செய்தியைத் திரும்பப் பெற இயலாது. படவில்லைகளைக் காட்டுவோர்க்கு வேறொரு தடுமாற்றமும் நேர்கின்றது. இரண்டு திரைகள் இருப்பின், காட்சி ஒன்றிலும், பேசுவோர்க்குரிய குறிப்புகள் மற்றொன்றிலும் தோன்றும். தவறான திரையைப் பகிர்ந்தால், அவையோர் காண்பது குறிப்புகளையே.

இதற்கெல்லாம் தீர்வு இரண்டாம் திரையை அகற்றுவதன்று. அதனை அறிந்து பயன்படுத்துவதே. பகிரும் பொத்தான் பொதுவாக மூன்று வாய்ப்புகளைத் தருகின்றது: முழுத்திரை, ஒரு செயலியின் சாளரம், உலாவியின் ஒரு தாவல். பெரும்பாலான பயிற்சிகளுக்குச் சாளரம் ஒன்றைப் பகிர்வதே தக்கது. அதனைத் திரை முழுதும் விரிக்காமல் சிறிதாக்கி, எழுத்தைப் பெரிதாக்கிக் கொள்ளலாம். ஒலியோடு கூடிய படக்காட்சி உலாவியில் இருப்பின், ஒலியையும் சேர்த்துத் தாவலைப் பகிரலாம்.

சாளரப் பகிர்வுக்கும் குறையுண்டு. வேறொரு செயலிக்கு மாறினால் அது அவையோர்க்குத் தெரியாது. பேசுவோர் அதனை மறந்து விளக்கிக்கொண்டே செல்வர். கேட்போர் பழைய பக்கத்தையே பார்த்திருப்பர். ஆகவே, இரண்டு செயலிகளை மாறி மாறிக் காட்ட நேரும்போது, இரண்டாம் திரையை முற்றிலும் வெறுமையாக்கி, காட்ட வேண்டியவற்றை மட்டும் அங்கு வைத்து, அத்திரையைப் பகிர்தல் வேண்டும். அறிவிப்புகளை முன்னதாகவே நிறுத்திவிடுதல் நலம். எத்திரை முதலாவது, எது இரண்டாவது என்பதைக் கணினியின் திரை அமைப்புப் பகுதி எண்ணிட்டுக் காட்டும். கேட்போரின் முகங்களும் வினாக்களும் முதல் திரையில் இருக்கட்டும். இரண்டு திரைகள் உள்ளவர்க்கே கிட்டும் நற்பயன் இது: காட்டிக்கொண்டிருக்கும்போதே கேட்போரைக் காணலாம்.

‘வடம் வந்துவிட்டது, இணைப்பின் வேகம் பெருகிவிட்டது, இனி இக்கவலை எதற்கு?’ என்று சிலர் கூறக்கூடும். வடம் வந்து சேர்வது கரைக்கு. அங்கிருந்து பள்ளிக்கும் சிற்றூருக்கும் செல்லும் இணைப்பு எங்கும் ஒரே திறனுடையதன்று. அன்றியும், வேகம் எவ்வளவு பெருகினாலும் கைப்பேசியின் அகலம் பெருகாது. சுருங்கிய எழுத்தை விரைவாக அனுப்புவதால் அது பெரிதாகிவிடுவதில்லை.

தொலைவிலுள்ள இருவர் ஒரே திரையைக் காண்பது புதிய கருத்தன்று. 1968 டிசம்பர் 9ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோ நகரத்து மேடையில் அமர்ந்த டக்ளஸ் எங்கெல்பார்ட், மென்லோ பார்க்கிலிருந்த தம் ஆய்வுக்கூடத்தாரோடு ஒரே பக்கத்தைப் பகிர்ந்து பணியாற்றிக் காட்டினார். அக்காட்சியின் சிறப்பு, இரு முனையிலும் ஒன்றே தெரிந்தது என்பதாகும். இன்று கருவிகள் பன்மடங்கு வளர்ந்துள்ளன. இரு முனையிலும் ஒன்றே தெரிகின்றதா என்னும் வினா மட்டும் பல கூட்டங்களில் எழுப்பப்படுவதே இல்லை.

எனவே, பயிற்சி நடத்தும் ஒவ்வோர் அலுவலகமும் பள்ளியும் மூன்று பழக்கங்களை விதியாகக் கொள்ளுமாறு வேண்டுகின்றேன். மருந்தளவு, தேதி, படிவ எண் போன்றவை அடங்கிய அட்டவணையைக் கூட்டத்துக்கு முந்திய நாளே கோப்பாக அனுப்புதல் முதலாவது. கூட்டம் தொடங்குமுன், பேசுவோர் தாமே ஒரு கைப்பேசியில் இணைந்து, தம் திரை எவ்வாறு தெரிகின்றது எனப் பார்த்தல் இரண்டாவது. மூன்றாவது, திரையைப் பகிர்ந்தவுடன் தொலைவிலுள்ள ஓர் அன்பரை அழைத்து, அடிவரியில் உள்ள எண்ணைப் படிக்கச் சொல்லுதல். ‘தெரிகின்றதா?’ என்று பொதுவாகக் கேட்டால் எவரேனும் ஒருவர் ‘தெரிகின்றது’ என்பார். படிக்கச் சொன்னால்தான் உண்மை விளங்கும்.

இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. சில நிமிடங்களே ஆகும். பகிரும் திரை பேசுவோர்க்கு உரியதன்று; காண்போர்க்கே உரியது. பெரிய நிக்கோபாரில் சிறு கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் ஆசிரியர் அடிவரியைப் பிழையின்றிப் படித்துவிட்டாரெனில், கூட்டத்தைத் தொடங்கலாம்.