‘பஃப்’ என்று வாசித்தவள் செய்த தப்பு என்ன?

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் பல வகுப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே மாதிரி முடியும் சொற்களை எழுத்துக்கணக்குப்படி பொறுக்கி, கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப்போட்டு, "மனப்பாடம் பண்ணு" என்பார்கள். காரைக்குடியும் இதற்கு விலக்கல்ல.

ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கு எழுத்துகளில் முடியும் ஐந்தெழுத்துச் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதியின் மூலையில் கிடப்பவற்றை விட்டுவிட்டால், புழக்கத்தில் இருப்பவை ஐந்து. சொரசொரப்புக்கு ‘ரஃப்’, கடினத்துக்கு ‘டஃப்’, இருமலுக்கு ‘காஃப்’, பிசைந்த மாவுக்கு ‘டோ’, மரக்கிளைக்கு ‘பௌ’. முதல் எழுத்து மட்டும்தான் வேறு. ஆனால் ஐந்து சொற்களுக்குள் நாலு விதமான ஓசை!

பக்கத்துக் கிராமத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வரும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இந்தப் பட்டியலை வாசிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரஃப், டஃப் என்று வந்தவள் அடுத்ததைப் ‘பஃப்’ என்கிறாள். "என்னம்மா, முட்டை பப்ஸா?" என்கிறார் டீச்சர். வகுப்பே சிரிக்கிறது. அத்தோடு அவள் எழுந்து நின்று வாசிப்பதை நிறுத்திவிடுகிறாள். "கிராமத்துப் பிள்ளை, இங்கிலீஷ் வராது" என்று தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

யோசித்துப் பாருங்கள், அந்த அறையில் தர்க்கப்படி நடந்துகொண்டது யார்? அவள் மட்டும்தான். எழுத்து ஒன்றானால் ஓசையும் ஒன்று என்று நம்பினாள். அந்த நம்பிக்கை அவளுக்குத் தமிழிலிருந்து வந்தது. இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை; கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் ஒன்றுதான். 1939 முதல் கம்பன் விழா நடக்கும் ஊர் காரைக்குடி. அங்கே பாட்டுக்கு எதுகை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள யாரும் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை, காது போதும். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி சொற்களை எதுகை வரிசையில்தான் அடுக்கியிருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை ஒப்பித்தார்கள். ஒரே எழுத்து வரும் சொற்களைப் பட்டியல் போடுவது தமிழனுக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே எழுத்து ஓசைக்குச் சாட்சி சொல்லியது. இங்கே அதே எழுத்து பொய்ச்சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியை நம்பியவளுக்குத்தான் தண்டனை.

(தமிழில் எல்லாம் எழுதியபடியே வாசிக்கலாம் என்று மார்தட்டுகிறவர்களும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். ‘கடல்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் ‘க’ ஒரே மாதிரியா ஒலிக்கிறது? ஆனால் எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்பதற்கு அங்கே ஒழுங்கு இருக்கிறது. வடமொழியிலிருந்து வந்த ‘பாவம்’ போன்றவற்றில்தான் வண்டி தடுமாறும்.)

ஆங்கிலம் ஏன் இப்படி? அந்த ஜி-எச் ஒரு காலத்தில் தொண்டையை உரசிக்கொண்டு வரும் உண்மையான ஒலிக்கான எழுத்து. ஜெர்மானியர் இரவை ‘நாக்ட்’ என்னும்போது இன்றும் அதன் உறவுக்கார ஒலியைக் கேட்கலாம். 1476-ல் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சுக்கூடத்தைக் கொண்டுவந்தார். அச்சு பரவப் பரவ எழுத்து உறைய ஆரம்பித்தது, வாயோ மாறிக்கொண்டே இருந்தது. தொண்டை ஒலி சில சொற்களில் ‘ஃப்’ ஆனது, சிலவற்றில் காணாமலே போனது. எழுத்து மட்டும் நடுகல் மாதிரி நின்றுவிட்டது. இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதாதா? சிரிப்பதற்கு மட்டும் நேரம் இருக்கிறது.

ஆங்கிலேயர்களே சகிக்க முடியாமல் புலம்பியதுதான் இது. பெர்னார்ட் ஷா புதிய எழுத்துமுறை உருவாக்கத் தன் உயிலிலேயே பணம் ஒதுக்கினார். அந்த எழுத்தில் அவருடைய நாடகம் ஒன்று 1962-ல் அச்சாகியும் வந்தது; அதோடு சரி. அமெரிக்கர்கள் கொஞ்சம் துணிந்து, கலப்பைக்கான சொல்லில் அந்த மூன்று எழுத்து வாலை ஒரே எழுத்தாகச் சுருக்கிக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் பெரியார் 1935-லேயே ‘குடிஅரசு’ பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தினார்; அரசு 1978-ல் ஏற்றுக்கொண்டது. உலகம் ஒன்றும் முழுகிப்போகவில்லை.

"அப்படியானால் ஆங்கிலமே வேண்டாம் என்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி உடனே வரும். யார் அப்படிச் சொன்னது? செட்டிநாட்டுக்காரர்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறிப் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளானார்கள். கணக்கைத் தமிழில் எழுதினார்கள், அந்நிய மொழிகளை அங்கே புழங்கிக் காதால் பிடித்தார்கள். பட்டியலும் பாவமில்லை. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, மாகாணி என்றால் பதினாறில் ஒன்று என்று எண்சுவடியை நெட்டுருப் போட்டுத்தான் கணக்குப் படித்தார்கள். ஆனால் மாகாணி இன்றைக்கு ஒரு மதிப்பும் நாளைக்கு வேறு மதிப்புமாக இருந்ததில்லை.

ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் ‘வேர்டில்’ விளையாட்டு 2021-ன் கடைசியிலிருந்து உலகத்தையே ஆட்டிவைத்தது. அங்கே எழுத்தை எண்ணுவது நியாயம், ஏனென்றால் அந்த விளையாட்டுக்குக் காது கிடையாது. வாயால் பேச வைக்க வேண்டிய வகுப்பறைக்கு அதே கணக்கு எதற்கு? ‘ரஃப்’பையும் ‘டஃப்’பையும் ‘ஸ்டஃப்’போடு சேருங்கள். ‘பௌ’வை ‘கௌ’வோடு சேருங்கள். ‘டோ’வை ‘கோ’வோடு சேருங்கள். ஓசை முதலில், எழுத்து பிறகு.

அந்தச் சிறுமியின் பையில் ஒரு ரஃப் நோட்டு இருக்கிறது. அதன் பெயரை அவள் ஒருநாளும் ‘ரௌ நோட்டு’ என்றோ ‘ரோ நோட்டு’ என்றோ சொன்னதில்லை. யாரும் அவளுக்கு எழுத்துக்கூட்டிக் கற்றுத்தரவும் இல்லை. பேக்கரியில் டோனட் கேட்கும்போதும் அவள் நாக்கு பிறழவில்லை. பட்டியலில் இருக்கும் மாவு அதற்குள்தான் இருக்கிறது என்பதை மட்டும் எந்த டீச்சரும் இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை.