நீலக்கல் பில்லில் இல்லாத ஒரு வரி

பட்டுக்குச் சாயம் ஏற்றுகிறவனுக்கு நீலம் என்று பொதுவாக ஒரு நிறம் கிடையாது. எம்.எஸ். ப்ளூ வேறு, ஆனந்தா ப்ளூ வேறு, ராமர் நீலம் வேறு. மயில்கழுத்து இவை எதிலும் சேராது. வந்தவாசியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் இருக்கிற தெள்ளாரில், அப்பா காலத்திலிருந்து எங்களுக்குச் சாய வேலைதான். ஆரணியிலிருந்து மாதிரி நூல் வந்தால் அதே நிறத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் சேலை காட்டிக் கொடுத்துவிடும். இதனால் சொந்தத்தில் யார் கல் வைத்த நகை எடுக்கப் போனாலும், "பெரியப்பா, நீங்க வந்து நிறம் பார்த்துச் சொல்லுங்க" என்று என்னையும் அழைத்துப் போவார்கள்.

கடைகளில் நான் பார்ப்பது மனதை உறுத்துகிறது. தங்கத்துக்கு நம் ஜனங்கள் எல்லாம் கேட்கிறார்கள். ஹால்மார்க் இருக்கிறதா, ஆறு இலக்க அடையாளம் எங்கே பொறித்திருக்கிறது, சேதாரம் எத்தனை சதவீதம், செய்கூலியில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று அரை மணி நேரம் பேரம் நடக்கும். கல்லுக்கு வந்தால் இரண்டே கேள்வி. எத்தனை கேரட்? இந்த ராசிக்கு ஆகுமா? நீலக்கல்லின் விலையை முடிவு செய்கிற விஷயங்களில் பெரும்பகுதி இந்த இரண்டு கேள்விக்கும் வெளியே கிடக்கிறது.

எடையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் இலங்கை ரத்தினபுரியில் ஒரு வீட்டின் பின்கட்டில் கிணறு தோண்டியபோது 510 கிலோ எடையில் நீலக்கற்கள் திரண்ட பாறை ஒன்று கிடைத்தது. சுமார் 25 லட்சம் கேரட், மதிப்பு 10 கோடி டாலர் வரை இருக்கலாம் என்று அப்போது செய்தி வந்தது. அந்த மதிப்பை அப்படியே ஏற்றாலும் கேரட்டுக்கு 40 டாலர்தான். அதே ரத்தினபுரி வட்டாரத்தில் 1926-இல் கிடைத்த 'ப்ளூ பெல் ஆஃப் ஏஷியா' 392.52 கேரட், 2014-இல் ஜெனீவா ஏலத்தில் ஏறத்தாழ 1 கோடியே 73 லட்சம் டாலருக்குப் போனது, கேரட்டுக்குச் சுமார் 44,000 டாலர். அடுத்த ஆண்டு ஹாங்காங்கில் ஏலம் போன காஷ்மீர் நீலம் வெறும் 27.68 கேரட். ஆனால் கேரட்டுக்குச் சுமார் 2,42,000 டாலர்! மூன்றும் குருந்தம் என்ற ஒரே கனிமம்தான். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். துளி இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம், குரோமியம் கலந்தால் மாணிக்கம்.

காஷ்மீர்க் கல்லுக்கு அந்த விலை வந்ததற்குக் காரணம் உண்டு. பாடர் பள்ளத்தாக்கின் உச்சியில் 1881 வாக்கில் நிலச்சரிவில் வெளிப்பட்ட படிவம் அது. 1887-க்குள் நல்ல கற்களில் பெரும்பாலானவற்றை எடுத்துத் தீர்த்துவிட்டார்கள். இனி அப்படி வரப்போவதில்லை என்பதும் விலையில் சேர்கிறது. ஆகவே கடையில் ஒருவர் "இது காஷ்மீர் நீலம்" என்று சொன்னால், பிறந்த இடத்தைக் குறிப்பிடும் ஆய்வகச் சான்றிதழைக் கேட்க வேண்டும். வாய்ச்சொல்லுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கக் கூடாது.

மற்ற கற்களில் விலையைத் தூக்குவது முதலில் நிறம். மிக வெளுத்ததும் மலிவு, மசி போலக் கறுத்ததும் மலிவு. ஆஸ்திரேலியாவிலிருந்தும் தாய்லாந்தின் காஞ்சனபுரியிலிருந்தும் வரும் பல கற்களில் இரும்பு அதிகம். அதனால் கறுப்படித்து நிற்கும். அடர்த்தி குறையாமல், உள்ளே வெளிச்சம் அடைபடாமல் இருக்கிற நீலத்துக்குத்தான் பணம். இதைக் கடை விளக்கில் கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் நூலைப் பிழிந்ததும் டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்வதில்லை, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். கல்லையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். நல்ல கடைக்காரர் தடுக்க மாட்டார்.

பட்டை தீட்டிய விதமும் பணம்தான். எடை குறைந்துவிடக் கூடாது என்று அடிப்பாகத்தைப் பருமனாக விட்டுவிடுகிற வழக்கம் இலங்கைக் கற்களில் நிறைய உண்டு. மோதிரத்தில் வைத்தால் அந்தப் பருமன் உள்ளே மறைந்துபோகும். கண்ணுக்குத் தெரிகிற பரப்பு சின்னதுதான். ஆனால் அதற்கும் சேர்த்துக் கேரட் கணக்கில் கொடுத்திருப்போம். சில கற்களில் நீலம் அடி நுனியில் மட்டும் தங்கியிருக்கும். கெட்டிக்காரத் தொழிலாளி அந்த நுனியை வைத்தே மேலே முழுக்க நீலமாகக் காட்டிவிடுவார். அது அவருடைய திறமை, குறை சொல்வதற்கில்லை. கல்லைப் புரட்டிப் பக்கவாட்டில் பார்க்கிற உரிமை நமக்கு வேண்டும், அவ்வளவுதான். அடியை மூடிய குளோஸ் செட்டிங்கில் அதைப் பார்க்க வழியில்லை. எனவே பதிப்பதற்கு முன்பே கல்லைத் தனியாகப் பார்த்துவிட வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே இருப்பது சூடு. இலங்கையில் 'கெவுட' என்று ஒரு வகைக் கல் உண்டு. பால் கலந்தது போல மங்கலாக இருக்கும். ஒரு காலத்தில் அதற்கு மதிப்பே இல்லை. 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை மலிவாக வாங்கிப் போய், 1,600 டிகிரியை ஒட்டியும் அதற்கு மேலும் உலையில் சூடேற்றினார்கள். கல்லுக்குள் மங்கலை உண்டாக்கிய நுண்ணிய ஊசி இழைகள் கரைந்தன. அவற்றிலிருந்த டைட்டானியம் இரும்போடு சேர்ந்து நீலம் பிறந்தது. அந்த இழைகளை ரத்தின வியாபாரத்தில் 'சில்க்' என்று சொல்வார்கள். இழை முழுசாக இருந்தால் கல் பெரும் சூட்டைப் பார்க்கவில்லை என்று உருப்பெருக்கியில் படித்துவிடலாம். இன்று சந்தைக்கு வரும் நீலத்தில் பெரும்பாலானவை சூடு கண்டவையே. அதில் ஒரு தப்பும் இல்லை. நிறம் நிலையாக நிற்கும், தலைமுறைக்கும் போடலாம். ஆனால் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு உயர்தரக் கற்களில், சூடு காணாததற்கு விலை பல மடங்குகூட ஆகலாம். வாங்குகிறவருக்கு இது தெரியாமல் வியாபாரம் நடப்பதுதான் தப்பு.

சூட்டுக்கு அப்பால் இன்னும் இருக்கிறது. டைட்டானியத்தை வெளியிலிருந்து ஊடுருவச் செய்த கல்லில் நீலம் மேல்தோலில் மட்டும் இருக்கும். மறுபடி பட்டை தீட்டினால் உள்ளே வெளுப்பு. பெரிலியம் சேர்த்துச் சூடேற்றிய மஞ்சள், ஆரஞ்சுக் கற்கள் 2002-ஐ ஒட்டிச் சந்தையைக் கலக்கின. நம் ஊரில் குருவுக்குப் போடும் கனக புஷ்பராகம் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். விரிசலில் நிறக் கண்ணாடியை நிரப்பிய கல் எல்லாவற்றிலும் மோசம். ஆசாரி ஊதுகுழலைப் பிடித்தாலே போய்விடும். செயற்கை நீலமும் புதிதல்ல. குருந்தத்தை உலையில் வளர்க்கும் முறையை வெர்னுயி என்ற பிரெஞ்சுக்காரர் 1902-இல் உலகுக்குச் சொல்லிவிட்டார். செயற்கைக் கல்லைப் பட்டை தீட்டித் திருச்சி வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. அந்தக் கல் அதன் பெயரிலேயே விற்கப்பட்டால் நாணயமான சரக்கு.

என் தம்பி மகளுக்குச் சனிப்பெயர்ச்சி சமயத்தில் ஜோசியர் சொல்லி ஒரு நீல மோதிரம் எடுத்தார்கள். நான் அப்போது கூடப் போகவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள். பில்லில் தங்கத்தின் நிகர எடை, தரம் எல்லாம் பைசா சுத்தமாக இருந்தது. கல்லுக்கு நேராக 'ஸ்டோன்' என்றும் ஒரு பெரிய தொகையும் மட்டும். குடும்பக் கஷ்டத்தில் அதே கடைக்கு விற்கப் போனார்கள். கல்லைத் தட்டி எடுத்து, ஒரு காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, தங்கத்துக்கு மட்டும் பணம் எண்ணினார்கள். "கல்லுக்கு ரிட்டர்ன் கிடையாதும்மா." கல் என்ன கல் என்று எழுதியிருந்தால் வேறு இடத்தில் கேட்டிருக்கலாம். எழுதாததால் கேட்கவும் முடியவில்லை, சண்டை போடவும் முடியவில்லை.

பட்டில் போலி புகுந்தபோது மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் சில்க் மார்க் கொண்டுவந்தது. இன்று சேலை எடுக்கிற பெண்கள் அந்தச் சீட்டைத் தேடிப் பார்க்கிறார்கள். நகையிலும் தங்கத்துக்கு முத்திரை வந்துவிட்டது. ஆனால் ஹால்மார்க் தங்கத்தின் தரத்தை மட்டும்தான் சொல்லும், கல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. முத்திரை போட்ட நகை என்றாலே கல்லும் சுத்தம் என்று நினைக்கிற பலரைப் பார்த்திருக்கிறேன். பொருளின் தரம், அளவு, தூய்மை பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குக் கொடுத்திருக்கிறது. நீலக்கல்லுக்கு அந்த உரிமை பில்லில் ஒரு வரியாக வர வேண்டும்: இயற்கையா செயற்கையா, சூடு கண்டதா இல்லையா, வேறு என்ன செய்யப்பட்டிருக்கிறது, கேரட் எத்தனை. நான் கேட்பது இதுதான்.

சின்னக் கடைக்காரர்கள் சொல்கிற ஒரு நியாயம் உண்டு. ஒவ்வொரு கல்லையும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் சில கற்களின் விலையைவிடப் பரிசோதனைச் செலவு கூடிவிடும் என்கிறார்கள். உண்மை. பெரிய தொகை கொடுத்து வாங்கும் கல்லுக்கு மட்டும் கடையோடு சம்பந்தமில்லாத ஆய்வகத்தின் சான்றிதழ் போதும். மற்றவற்றுக்குக் கடைக்காரர் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். ஜெய்ப்பூரிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கல் வரும்போது மொத்த வியாபாரியிடம் கடைக்காரர் முதலில் கேட்பதே ஹீட்டடா, அன்ஹீட்டடா என்றுதான். அதை வைத்துத்தான் அவர் விலை கொடுக்கிறார். அவருக்குத் தெரிந்த அந்தச் சேதியைத்தான் வாங்குகிற எங்களுக்கும் எழுதிக் கொடுக்கச் சொல்கிறோம். எழுத மறுக்கிற கடையில் தங்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கல்லை எழுதித் தருகிற இடத்தில் வாங்கிப் பதித்துக்கொள்ளும்படிதான் எங்கள் வீட்டுப் பெண்களிடம் சொல்லிவருகிறேன்.