சாலை வந்தது, பஸ் வந்ததா?

வறிய நாடுகள் முன்னேற வழி யாதென்று நிபுணர்களைக் கேட்டால், பெரும்பாலும் முதலில் கிடைக்கும் விடை, "சாலை போடுங்கள்" என்பதே. சாலை வேண்டாமென்று எவரும் சொல்லார், நானும் சொல்லவில்லை. ஆனால், சாலை நுழைந்தால் வறுமை தானே வெளியேறிவிடும் என்னும் நம்பிக்கையை, விஞ்ஞானம் பயிலும் நாமாவது சற்று உரசிப் பார்க்க வேண்டாமா?

உரைகல் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2000 டிசம்பரில் மத்திய அரசு பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தைத் தொடங்கியது. சமவெளியில் 500 பேரும், மலை, பாலை, பழங்குடிப் பகுதிகளில் 250 பேரும் வாழும் ஊர்களுக்கு எக்காலத்தும் பயன்படும் சாலை அமைப்பது அதன் நோக்கம். மக்கள்தொகை மிகுந்த ஊர்களுக்கு முன்னுரிமை. 490 பேர் உள்ள ஊருக்கும் 510 பேர் உள்ள ஊருக்கும் வாழ்க்கையில் என்ன பெரிய வேற்றுமை? ஒன்றுமில்லை. ஆயினும் ஒன்றுக்குச் சாலை முந்திற்று, மற்றொன்றுக்குப் பிந்திற்று. சோதனைச்சாலையில் நாம் அரும்பாடுபட்டு அமைக்கும் ஒப்பீடு, அரசாங்க விதியால் தானே அமைந்துவிட்டது! சாம் ஆஷர், பால் நோவோசாட் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் இத்தகைய ஊர்களை ஒப்பிட்டு ஆராய்ந்து, 2020இல் தம் முடிவை வெளியிட்டனர். சாலை பெற்ற ஊர்களில் பலர் விவசாயத்தை விட்டு வேறு வேலைக்குச் சென்றது உண்மை. ஆனால் விளைச்சலிலோ, வருமானத்திலோ, உடைமையிலோ பெரிய மாறுதல் காணப்படவில்லை.

ஏன்? என் எண்ணத்தைச் சொல்கிறேன். சாலை என்பது தரை. அதன்மேல் எது ஓடுகிறது, யாரை ஏற்றிக்கொள்கிறது, என்ன கூலி கேட்கிறது என்பவை வேறு கேள்விகள்.

டான்சானியாவின் மகேட்டே மாவட்டத்தில், 1980களில், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஆய்வாளர்கள் ஓர் அரிய காரியம் செய்தனர். லாரிகளை எண்ணுவதோடு நில்லாமல் மக்களின் நடையைக் கணக்கிட்டனர். தண்ணீர், விறகு, வயல், மாவு ஆலை: போக்குவரத்து நேரத்தில் பெரும்பகுதி இவற்றுக்கே சென்றது. பெரும்பாலும் சுமந்தவர் பெண்கள், சுமந்தது தலையில். நடந்ததோ ஒற்றையடிப் பாதையில்! நெடுஞ்சாலைப் படங்களில் அப்பாதைகளுக்கு ஏது இடம்?

2006இல் பீகார் அரசு, ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்குச் சைக்கிள் வாங்கப் பணம் தந்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் இருவரின் ஆய்வுப்படி, உயர்நிலைப்பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவிகிதம் பெருகினர்; பள்ளி தொலைவிலிருந்த ஊர்களிலேதான் பயன் அதிகம். சாலை அதே சாலைதான். புதிதாக வந்தவை இரண்டு சக்கரங்கள். புதுக்கோட்டையை அறிந்த நமக்கு இது வியப்பன்று. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றனர் அன்றோ?

டெல்லி 2019இலும், தமிழ்நாடு 2021இலும் பெண்களுக்குப் பஸ் கட்டணத்தை நீக்கின. அப்பேச்சு வந்தால் விடுதி உணவுக்கூடத்தில் இன்றும் நகைப்போர் உண்டு. கூலிக்குச் செல்லும் ஒருத்தியின் நாட்சம்பளத்தில் இருவழிக் கட்டணம் எவ்வளவைத் தின்றிருக்கும் என்று கணக்கிட்டுவிட்டு நகைத்தால் நன்று. (கணக்கில் நாம் ஒன்றும் மட்டமில்லையே!)

நண்பர்களே, நம்முள் சிலர் நாளை திட்டம் தீட்டும் மேசைகளில் அமரக்கூடும். இத்தனை கிலோமீட்டர் தார் போட்டோம் என்று ஒரு பட்டியல் அங்கே வரும். அந்த ஊருக்குக் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு, பிரசவ வலி கண்டவளை இரவில் எதில் ஏற்றுகிறார்கள், சந்தைக்குக் கூடை கொண்டுபோகக் கண்டக்டர் விடுகிறாரா என்று கேட்டு வாங்குங்கள்.