விராலுக்கு என்ன விருந்து?

தூண்டில் போடுகிறவர்கள் மகா பொறுமைசாலிகள் என்று உலகம் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவர்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டால் அல்லவா தெரியும், பொறுமை யாருடையது என்று! விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து காப்பி போட்டுக் கொடுப்பவள் ஒருத்தி. மண்புழு டப்பா தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு அலறுகிறவளும் அவளே. பகல் இரண்டு மணிக்கு வெறுங்கையோடு வந்து நிற்கிறவரிடம், "போனால் போகிறது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆறுதல் சொல்லுகிறவளும் அவளேதான்.

தவிர்க்க முடியாத ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டாவது அனுபவிப்போமே என்றுதான் இந்த வாரம் தூண்டில் சமாசாரத்தை எடுத்துக்கொண்டேன். இதில் எனக்குக் குரு, கள்ளக்குறிச்சியில் இருக்கும் எங்கள் சித்தப்பா.

கள்ளக்குறிச்சி 2019-ம் வருஷம் நவம்பர் மாதம் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவாகிவிட்டது. ஆனால் சித்தப்பாவுக்கு ஊர் என்றால் கலெக்டர் ஆபீஸ் அல்ல, தண்ணீர்தான். மேற்கே கல்வராயன் மலை. அங்கே பெய்கிற மழை ஓடை ஓடையாக இறங்கிக் கோமுகி நதியாகிறது. மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், 46 அடிக்குத் தண்ணீர் பிடிக்கிற கோமுகி அணை. இன்னொரு பக்கம் 36 அடி மணிமுக்தா அணை. இவற்றுக்குக் கீழே ஏரிகள், குட்டைகள், வாய்க்கால்கள். எந்தத் தண்ணீரில் எந்த மாதம் எந்த மீன் என்ன சாப்பிடும் என்பது சித்தப்பாவுக்கு அத்துபடி. சித்தி என்ன சமைத்தாள் என்பதுதான் அவருக்கு ஞாபகம் இருப்பதில்லை!

போன மார்கழியில், சென்னையில் காலேஜில் படிக்கும் என் தம்பி மகனை அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். பிள்ளையாண்டான் ஒரு பெட்டியைத் திறந்து வைத்தான். மூன்று தட்டு வைத்த பெட்டி. நம் வீட்டு நகைப் பெட்டிகூட அவ்வளவு ஜொலித்ததில்லை! இறகு கட்டின சின்னஞ்சிறு ஈக்கள், வெள்ளித் தகடுகள், வர்ணம் பூசின மர மீன்கள், ரப்பர் தவளைகள்.

"இதெல்லாம் லூர், அத்தை. பொய் இரை. இந்த வரிசை டிரவுட் மீனுக்கு, இந்த வரிசை பாஸ் மீனுக்கு" என்றான். எல்லாம் டெலிபோனில் அமெரிக்காக்காரர்களின் படம் பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தை.

சித்தப்பா மூக்குக் கண்ணாடியைச் சரிப்படுத்திக்கொண்டு பார்த்தார். "எல்லாம் அழகாத்தான் இருக்கு தம்பி. ஆனா இந்த இறகைக் கடிக்கிற மீன் இங்கே இல்லையே!" என்றார்.

அது வாஸ்தவம். டிரவுட் குளிர்ந்த நீரில் பிறந்து வளர்ந்த மீன். தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் போனால் அதற்கு உடம்புக்கு ஆகாது. கல்வராயன் மலை சுமார் 2000 அடியிலிருந்து 4000 அடி வரைதான். வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் நமக்குச் சால்வை தேவைப்படலாம். டிரவுட்டுக்கு அந்தக் குளிர் போதாது. தமிழ்நாட்டில் அதைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரிக்குப் போக வேண்டும். 1860-களில் டாக்டர் பிரான்சிஸ் டே என்பவர் சீமையிலிருந்து அதைக் கொண்டுவர முயன்று பலிக்கவில்லை. பிறகு 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணை ஏற்பட்டது. வில்சன் என்ற நிபுணரின் உழைப்பில் வானவில் டிரவுட் அந்த ஓடைகளில் குடியேறியது. நீர்மேல் வந்து விழும் ஈயைத் தின்னுகிற பழக்கம் உள்ளதால்தான் அதற்கு இறகு ஈ.

பாஸ் விஷயம் வேறு. அந்த அமெரிக்க மீனும் நம் பக்கத்து ஏரிகளில் இல்லை. ஆனால் அதன் சுபாவத்தை அப்படியே உரித்து வைத்தாற்போல் நம்மிடம் ஒருவர் இருக்கிறார். அவர்தான் விரால்! இரண்டும் பாசிக்கும் கோரைக்கும் நடுவே அசையாமல் பதுங்கியிருக்கும். தவளையோ குஞ்சு மீனோ தலைக்கு மேலே போனால் ஒரே பாய்ச்சல். ஆகவே பாஸுக்குச் செய்த ரப்பர் தவளை விராலுக்கும் பேஷாகச் செல்லும். அதில் ஒரு நல்ல யுக்தியும் இருக்கிறது. முள்ளின் முனை நம் ஊக்குபோலத் தவளையின் முதுகோடு ஒட்டி மடங்கியிருக்கும். பாசியில் சிக்காது, மீன் வாயால் அமுக்கினால்தான் வெளியே வரும். ஓர் உயிர்த் தவளையைக் குத்திக் கோக்கிற பாவமும் மிச்சம்.

வெள்ளித் தகட்டுக்கு வம்சம் நம் சமையலறைதான் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் ஜூலியோ பியூயெல் என்பவர் படகில் உட்கார்ந்து சாப்பிடும்போது ஸ்பூன் கைதவறி ஏரியில் விழுந்ததாம். அது மினுக்கிக்கொண்டு இறங்குவதைக் கண்டு ஒரு மீன் வந்து கவ்வியதாம். கதை எப்படியோ போகட்டும். ஸ்பூன் இரைக்கு அவர் 1852-ல் காப்புரிமை வாங்கியது நிஜம். அதற்குப் பெயர் இன்றைக்கும் ஸ்பூன்தான். வீட்டில் ஸ்பூன் கணக்குக் குறைந்தால் எங்கே தேட வேண்டும் என்று இப்போது தெரிந்துவிட்டதல்லவா?

இனி, சித்தப்பாவின் பஞ்சாங்கம்.

மாசி பிறந்தால் அணையும் ஏரியும் வற்றத் தொடங்கும். பங்குனி, சித்திரை வெயிலில் தண்ணீர் சுடும். சுடுகிற தண்ணீரில் பிராணவாயு குறைவு. மற்ற மீன்கள் ஆழத்தில் சோர்ந்து கிடக்கும். விராலுக்கு மட்டும் கவலையில்லை. தலைக்குள் காற்றைப் பிடித்து வைக்கத் தனி அறை உண்டு அதற்கு. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அந்தக் குமிழிதான் தூண்டில்காரருக்கு விலாசம். விடியலும் அந்தியும்தான் வேளை. அந்தி மங்கலில் கறுப்புத் தவளையாகப் போட வேண்டும். கீழேயிருந்து பார்க்கிற மீனுக்கு வெளிறிய வானத்தில் கறுப்புத்தான் பளிச்சென்று தெரியும்.

ஆடி, ஆவணியில் மலையில் மழை பெய்து ஓடை கலங்கி வந்தால், பொய் இரைக்கு லீவு. கண்ணுக்குத் தெரியாத பட்சணத்தை யார் வாங்குவார்கள்? கலங்கல் தண்ணீரில் மோப்பம் பிடித்துத் தின்னுகிறது கெளுத்தி. அதற்கு மண்புழுவும் கோழிக்குடலும் போதும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் தூண்டிலைப் பரணில் போட்டுவிடுவதே உத்தமம், கரை வழுக்கும்.

மார்கழி, தையில் தண்ணீர் தெளியும். தெளிந்த நீரில் வெயில் பட்டு மினுக்குகிற ஸ்பூனுக்கு மதிப்பு வரும். ஆனால் விடியற்காலைக் குளிரில் விரால் மந்தமாக இருக்கும். வெயில் ஏறின பிறகு, காலை பத்து மணிக்குப் போனால் போதும். (சகோதரிகளே, இந்த ஒரு வரியைக் கத்தரித்து உங்கள் வீட்டுக் காலண்டரில் ஒட்டி வையுங்கள்!)

கட்லா, ரோகு என்று மீன்வளத் துறையார் அணைகளில் விடுகிற கெண்டை ஜாதிகளுக்கு இந்த ஜொலிப்பெல்லாம் வேண்டாம். தவிடும் புண்ணாக்கும் பிசைந்த உருண்டையே விருந்து. ஒன்று மட்டும் கவனம்: அணைகளில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடுவது வழக்கம். கேட்டுக்கொண்டு உட்காருவதே மரியாதை.

இத்தனையும் கற்றுக்கொண்ட பையன், சித்தப்பாவோடு ஏரிக்கரையில் போய் நின்றான். நானும் கூடப் போயிருந்தேன். கோரைக்கு ஓரமாக, ஒரு முறம் அகலத்துக்குத் தண்ணீர் சிவந்து துள்ளிக்கொண்டிருந்தது. குங்குமத்தைக் கொட்டினாற் போல் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், செக்கச்செவேலென்று நூற்றுக்கணக்கான குட்டி மீன்கள்!

"விரால் குஞ்சுகள், தாத்தா! பெரிய மீன் அடியிலேதான் இருக்கும். இது மேலே தவளையைப் போட்டால் நிச்சயம் கடிக்கும்" என்று பையன் கோலை ஓங்கினான்.

சித்தப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கடிக்கும்டா. எதுக்குக் கடிக்குதுன்னு தெரியுமா? பசிக்கு இல்லே. குழந்தைங்க மேலே ஏதோ விழுந்திடுச்சேன்னு கடிக்குது."

எனக்கு ஒரு கணம் பேச்சே எழவில்லை.

"பிடித்து ஒரு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறேனே, தாத்தா?"

"நீ போட்டோ எடுக்கிற நேரம் போதும். குரவையும் கெளுத்தியும் சுத்திக் காத்துக்கிட்டு இருக்கு. தாய் திரும்பி வர்றப்போ பந்தி முடிஞ்சிருக்கும்."

இது கிராமத்துக் கிழவரின் இரக்கம் மட்டுமல்ல. சாஸ்திரமும் இதையே சொல்லுகிறது. விரால் தம்பதி ஆழமில்லாத இடத்தில் பாசியை விலக்கிக் கூடு அமைக்கும். முட்டைகள் எண்ணெய்த் துளிபோல் மிதக்கும். ஓரிரண்டு நாளில் குஞ்சு வரும். அப்புறம் வாரக்கணக்கில், குஞ்சுகளின் சிவப்பு மாறித் தாங்களே பிழைத்துக்கொள்ளும் வரை, பெற்றவர்கள் அடியிலேயே காவல். அமெரிக்கப் பாஸில் தாய் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறாள்; தொட்டில் காக்கிறவர் அப்பா! அந்த அப்பாவைச் சற்று நேரம் தூண்டிலில் பிடித்து வைத்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், அதற்குள் மற்ற மீன்கள் கூட்டில் புகுந்து தின்றுவிடுவதைக் கண்டார்கள். அதனால்தான் வட அமெரிக்காவில் சில பகுதிகளில் அந்த நாட்களில் பாஸுக்குத் தூண்டில் போடக் கூடாது என்றோ, பிடித்தாலும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றோ சட்டம் செய்திருக்கிறார்கள்.

1952-ல் நம் தேசத்துக்கு வந்த ஆப்பிரிக்க ஜிலேபிக் கெண்டை இன்னும் கெட்டிக்காரி. முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கிறாள். அந்த நாட்களில் அவள் சரியாகச் சாப்பிடுவதே இல்லை. வாயைத் திறக்காதவளைத் தூண்டில் என்ன செய்யும்? தன் விரதமே அவளுக்குக் கவசம். விராலுக்கோ, தன் கோபமே வினையாகிவிடுகிறது.

கடல் மீனுக்கு நம் சர்க்கார் வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளை நிறுத்தி ஓய்வு கொடுக்கிறது. அந்த நாட்களில் மீன் விலை ஏறுவது நமக்கெல்லாம் தெரியும், முணுமுணுத்துக்கொண்டாவது பொறுத்துக்கொள்ளுகிறோம். ஏரி விராலுக்கு அப்படி ஒரு காலண்டரை யாரும் மாட்டி வைத்து நான் பார்த்ததில்லை. ஆண்டின் பல மாதங்களில் குஞ்சு பொரிக்கும். மழையை ஒட்டி அதிகம். ஆகவே மாதத்தை நம்பிப் பயனில்லை. தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் சிவந்திருந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கரைக்குப் போ! இதுதான் சித்தப்பாவின் சட்டம். ஒரே வரி.

மலேசியாவில் பிரசவமான பெண்ணுக்குப் புண் ஆற வேண்டும் என்று விராலைத்தான் சூப்பு வைத்துக் கொடுக்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற விரால், பிள்ளைகளைக் காத்து நின்ற இடத்தில் பிடிபட்டதாக இருக்க வேண்டாமே!

நம்மால் ஆகக் கூடியதும் உண்டு. சந்தையில் விரல் நீள விரால் குஞ்சுகளைக் கூறு கட்டி வைத்திருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காமல் நகர்ந்துவிடுங்கள். வாங்க ஆள் இல்லாவிட்டால் பிடிக்க ஆள் இருக்காது. பெரிய விராலை வாங்கும்போது அது எந்த நிலையில் பிடிபட்டது என்று நமக்குத் தெரியாது. மீன்காரர் சொல்லவும் மாட்டார். ஆனால் நம் வீட்டிலிருந்து கோலைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிறவரிடம் சொல்ல நமக்கு உரிமை உண்டு அல்லவா?

அன்று பையன் வேறு கரையில், வெயில் ஏறின பிறகு, ஒரு ஸ்பூனைப் போட்டு முக்கால் கிலோ விரால் ஒன்று பிடித்தான். சித்தி வைத்த குழம்பு ஊரைக் கூட்டியது.

தூண்டில் போட்டு வருகிறவரிடம், "எத்தனை மீன்?" என்றுதான் இதுவரை கேட்டு வந்திருக்கிறோம். இனிமேல், "தண்ணீர் சிவந்திருந்ததா?" என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.