அது அவள் அல்ல

அந்த வண்டியின் பானெட் மற்ற கார்களைப் போலத் திறக்காது. கீல் முன்பக்கம் இருக்கிறது. டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள பிடியை இழுத்துவிட்டு, கண்ணாடியின் ஓரத்திலிருந்து தூக்கி முன்னால் சாய்க்க வேண்டும். இது தெரியாதவர்கள் வண்டியின் மூக்கருகே போய்த் தடவிக்கொண்டு நிற்பார்கள்.

கலிபோர்னியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, பழைய கார்க்காரர்கள் கூடும் இடத்தில், என் அத்தான் அப்படித்தான் நின்றார். அறுபது வயதுக்காரர் ஒருவர் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கி, பிரமாதமான வேலை, எத்தனை வருடம் பிடித்தது, எஞ்சினைப் பார்க்கலாமா என்று கேட்டார். அத்தான் நல்ல மனிதர். கணக்கர். ஸ்பேனருக்கும் ஸ்க்ரூட்ரைவருக்கும் வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். அவர் முன்பக்கம் தடவுவதைப் பார்த்துவிட்டு அக்கா உள்ளே குனிந்து பிடியை இழுத்தாள். பானெட் சாய்ந்தது. வந்தவர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டே அடுத்த கேள்வியையும் அத்தானிடமே கேட்டார்.

அக்காவின் நகங்களுக்கு அடியில் கிரீஸ் இருந்தது. ஆறு வருடமாக இருக்கிறது. அதைப் பார்க்க அவருக்குக் கண் இல்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கண்ணைப் பற்றியது. அது ஒருவருடைய கண் அல்ல, பழக்கப்படுத்தப்பட்ட கண். பழக்கிய கதை வண்டியின் பெயரிலேயே இருக்கிறது.

வண்டி 1972ஆம் வருடத்து டாட்சன் 240 இசட். நிசான் நிறுவனம் 1969 இறுதியில் ஜப்பானில் அறிமுகப்படுத்திய ஸ்போர்ட்ஸ் கார். நீண்ட மூக்கு, இரண்டே இருக்கை, வரிசையாக ஆறு சிலிண்டர், 2,393 சிசி. அமெரிக்காவில் வந்தபோது விலை 3,526 டாலர். ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு ஏங்கியவர்களின் கைக்கு எட்டும் விலை. ஆனால் ஜப்பானில் அதன் பெயர் வேறு: ஃபேர்லேடி இசட். 'மை ஃபேர் லேடி' என்ற இசை நாடகத்தை அமெரிக்காவில் பார்த்து மயங்கிய நிசான் தலைவர் கத்சுஜி கவாமதா, நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்.

அந்த நாடகம் என்ன கதை? பழைய கிரேக்கக் கதையில் பிக்மேலியன் என்ற சிற்பி, உயிருள்ள பெண்களை வெறுத்துத் தன் விருப்பப்படி தந்தத்தில் ஒருத்தியைச் செதுக்கிக் காதலிக்கிறான். பெர்னார்ட் ஷா அதை லண்டன் தெருவுக்குக் கொண்டுவந்தார். 1913இல் மேடையேறிய அவர் நாடகத்தில், மொழிப் பேராசிரியர் ஒருவர் பூ விற்கும் எலைசாவுக்கு உச்சரிப்பு கற்றுக்கொடுத்துச் சீமாட்டியாக்கிக் காட்டுகிறார். கடைசியில் எலைசா, நீ கற்றுக்கொடுத்ததை நானே பிறருக்குக் கற்றுக்கொடுத்துப் பிழைத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அவள் அவரிடம் திரும்ப மாட்டாள் என்பதில் ஷா பிடிவாதமாக இருந்தார். 1956இல் பிராட்வேயில் அது இசை நாடகமானபோது எலைசா திரும்பி வந்துவிடுகிறாள். பேராசிரியர் சாய்ந்து உட்கார்ந்தபடி, என் செருப்பு எங்கே என்று கேட்கிறார். திரை விழுகிறது. நம் வண்டிக்குப் பெயர் கொடுத்தவள், போனவள் அல்ல, திரும்பி வந்தவள்.

பெயரின் கதை அங்கே முடியவில்லை. வண்டி கப்பலேறி வந்ததும், அமெரிக்க நிசானின் தலைவராக இருந்த யுடாகா கதாயாமா, ஃபேர்லேடி என்ற பெயர் இங்கே எடுபடாது என்று முடிவெடுத்தார். அந்த எழுத்துகள் போய், 240 இசட் என்ற எண் வந்தது. ஓர் ஊரில் ஆண் வாங்க வேண்டும் என்பதற்காக வண்டிக்குப் பெண் பெயர். இன்னோர் ஊரில் ஆண் கூச்சமின்றி வாங்க வேண்டும் என்பதற்காகப் பெண் பெயர் நீக்கம். சூட்டியபோதும் நீக்கியபோதும், ஒரு பெண் தன் பணத்தில் இதை வாங்கித் தன் கையால் பழுது பார்ப்பாள் என்ற எண்ணம் யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

பெயர் போனாலும் கதை போகவில்லை. பழைய கார்களின் உலகத்தில் வண்டி இன்றும் 'அவள்'தான். அந்த ஞாயிறு கூட்டத்தில் நானே கேட்டேன். இவளைக் குப்பையிலிருந்து காப்பாற்றினேன், இவளுக்குப் புது வாழ்வு கொடுத்தேன், இவள் செலவுக்காரி என்றார்கள். எந்தப் பாகமும் மாற்றப்படாத வண்டியைக் 'கன்னி' என்றார் ஒருவர். யாரும் முகம் சுளிக்கவில்லை. கராஜில் ஏற்கெனவே ஒரு பெண் இருக்கிறாள்: கிடப்பவள், மீட்கப்படுபவள், பேசாதவள். அந்த இடத்தில் ஸ்பேனரோடு இன்னொரு பெண் நுழைந்தால் கதை குழம்புகிறது. அதனால்தான் அவளைப் பார்த்தும் பாராமல், பக்கத்தில் நிற்கும் ஆணின் கையைக் குலுக்குகிறார்கள்.

நான் தமிழ் இலக்கணம் நடத்துகிறவள். நம் இலக்கணம் மக்களை உயர்திணை என்றும் மற்றவற்றை அஃறிணை என்றும் முதலிலேயே பிரித்துவிடுகிறது. ஆண்பால், பெண்பால் என்பதெல்லாம் உயர்திணைக்கு மட்டும். வண்டி 'அது'. அது வரும், அது போகும், அது நிற்கும். இந்த ஒரு விஷயத்தில் நம் மொழி நமக்குச் சாதகமாக இருக்கிறது. நாம்தான் அதை வீணடிக்கிறோம். வண்டிய பொண்டாட்டி மாதிரி பார்த்துக்கறேன் என்று சொல்லும் ஆண்கள் நம் தெருவிலும் உண்டு. யாருக்கும் இரவல் தர மாட்டேன் என்பதுதான் அந்த வாக்கியத்துக்குப் பெரும்பாலும் பொருள்.

அக்கா ஒருநாளும் அதை 'அவள்' என்றதில்லை. 'அது' என்பாள். கோபம் வந்தால் 'சனியன்' என்பாள். அந்தக் கோடையில் ஏழு வாரம் அங்கே இருந்தேன். என் வேலை டார்ச் பிடிப்பது. "ஏய், கீழ பிடிடி, வெளிச்சம் என் மூஞ்சில அடிக்குது" என்பாள். படுத்தபடியே எனக்குப் பாடம் நடத்துவாள்.

இந்த வண்டியின் எதிரி துரு. பேட்டரி வைக்கும் தட்டில் அமிலம் சிந்தி அரிக்கும். காலடித் தகட்டில், அதன் அடியில் ஓடும் சட்டத்தில், பின்சக்கர வளைவில், பின்கதவின் கீழ் விளிம்பில் நீர் தங்கி அரிக்கும். மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு பிஸ்கட் மாதிரி நொறுங்கும். அக்கா வாங்கியபோது ஓட்டுநர் காலடியில் ஸ்க்ரூட்ரைவரை வைத்து அழுத்தினால் அது ரோட்டைத் தொட்டதாம். சமுதாயக் கல்லூரி ஒன்றில் மாலை வகுப்புக்குப் போய் வெல்டிங் கற்றாள். துருப்பிடித்த பாகத்தை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை அளவெடுத்து ஒட்டவைத்தாள். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் ஒரு சின்னப் பையில், பையின் மேல் அவள் கையெழுத்தில் எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்போடு.

எஞ்சினுக்கு இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் நொண்டும். அதற்குக் கருவி உண்டு. ஆனால் அக்கா ஒரு ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்துக் கேட்பாள். இரண்டின் சீறலும் ஒரே சுருதிக்கு வரும்வரை திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவாள். பன்னிரண்டு வால்வுகளுக்கும் எஞ்சின் சூடாக இருக்கும்போது இடைவெளி பார்ப்பாள்: உள்ளே இழுப்பதற்கு 0.25 மில்லிமீட்டர், வெளியே தள்ளுவதற்கு 0.30. யாப்பில் ஓர் அசை பிசகினால் எனக்குக் காதில் உறுத்தும். அவளுக்கு 0.05 மில்லிமீட்டர் உறுத்துகிறது. என்னுடையதைப் புலமை என்கிறார்கள், பட்டம் தந்தார்கள். அவளுடையதை, பொழுதுபோக்கு, அதுவும் கணவருடைய பொழுதுபோக்கு என்கிறார்கள். பாகங்கள் விற்கும் கடை ஒன்றில், வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் அவள் எங்கே கற்றாள்? அப்பாவிடம் அல்ல, அம்மாவின் தையல் மெஷினிடம். அம்மா மாதம் ஒருமுறை மெஷினைச் சாய்த்து, பஞ்சையும் நூல் பிசிறையும் துடைத்து, துளைதோறும் எண்ணெய் விடுவாள். பாபின் சிக்கினால் கழற்றிச் சேர்ப்பாள். பெல்ட் தளர்ந்தால் வெட்டி மறுபடி கோப்பாள். முப்பது வருடம் அந்த மெஷின் ஒருநாள் ஓயவில்லை. அம்மாவை யாரும் மெக்கானிக் என்று சொன்னதில்லை. எங்கள் வீட்டில் மெக்கானிக் என்றால் அப்பாவின் ஸ்கூட்டரைப் பார்க்க வரும் அண்ணன்தான்.

இங்கேதான் ஒரு தந்திரம் இருக்கிறது. மீட்பது வேறு, பேணுவது வேறு என்று உலகம் பிரித்து வைத்திருக்கிறது. மீட்பது ஒருமுறை நடப்பது. முன்னும் பின்னும் படம் எடுக்கலாம், கைதட்டு வாங்கலாம். பேணுவது ஒவ்வொரு வாரமும் நடப்பது. ஆயில் மாற்றுவது, குழாய்களில் விரிசல் பார்ப்பது, மழைநீர் வடியும் துளையில் அடைத்த இலையை எடுப்பது. ஒழுங்காகச் செய்தால் எதுவுமே நடக்காது, அதனால் யார் கண்ணிலும் படாது. முதலாவது ஆணின் சாகசம், இரண்டாவது பெண்ணின் கடமை. ஆனால் எந்த வண்டியையும் கேளுங்கள். மீட்டுவிட்டுப் பேணாமல் விட்டால் அது மறுபடி துருதான். ஐம்பது வருடம் ஓடும் வண்டிகளை ஓடவைப்பது பேணல். வீடுகளையும் அதுவே ஓடவைக்கிறது.

தோழிகள் கேட்பீர்கள்: கலிபோர்னியாவில் கராஜ் வைத்திருக்கும் ஒருத்தியின் விலையுயர்ந்த ஆசையில் பெண்ணியத்துக்கு என்ன வேலை? நியாயமான கேள்வி. அக்காவுக்குச் சம்பளம் இருக்கிறது. ஆனாலும் சனிக்கிழமை மதியம் மூன்று மணி நேரத்தை அவள் வாங்க வேண்டியிருந்தது. அந்த விலையைப் பணத்தில் கொடுக்கவில்லை. வெள்ளி இரவே இரண்டு நாள் சமையலை முடித்து, பிள்ளைகளின் துணியை மடித்து, அதன் பிறகே கராஜ். பொழுது என்ற ஒன்று நமக்கு உண்டா என்பதுதான் பிரச்சினை. அது கூடுவாஞ்சேரிக்காரிக்கும் உண்டு.

இன்னொன்றும் சொல்கிறேன். இதே நிசான், ரெனோவோடு சேர்ந்து 2010இல் நம் ஒரகடத்தில் தொழிற்சாலை திறந்தது. அந்த வட்டாரத்தைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள். கார்களுக்குள் ஓடும் வயர்க் கற்றைகளைக் கட்டும் வேலையில் இளம்பெண்களை வைக்கிறார்கள். காரணம் கேட்டால் பெண்களின் விரல்கள் நுணுக்கமானவை என்பார்கள். அதே விரல்கள் ஒரு வண்டியைத் திறந்து பழுது பார்க்க வந்தால் மட்டும், அது பெண்ணுக்கு ஒத்துவராத வேலை. 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஓடும் இயந்திரத்தை ஆராய வேண்டுமானால் அதற்கெனப் பயிற்சி பெற்ற, இறுக்கமான உடை அணிந்த ஆண் தொழிலாளி செய்யலாம் என்றது. ஓடும் முதன்மை இயந்திரத்தைத் துடைக்கவோ எண்ணெயிடவோ சரிசெய்யவோ பெண்ணை அனுமதிக்கக் கூடாது என்றது. ஆபத்து இருவருக்கும் ஒன்றுதான். அவனுக்குப் பயிற்சியும் உடையும், நமக்குத் தடை. பாதுகாப்பு என்ற பெயரில் நம்மிடமிருந்து எடுக்கப்பட்டது அறிவு.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். வந்தவர் கடைசியில் அக்காவைப் பார்த்து, நீங்களும் உதவி செய்தீர்களா என்று கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டே, நாங்கள் சேர்ந்து செய்தோம் என்றாள்.

திரும்பி வரும்போது அவளிடம் சண்டை போட்டேன். "எந்த 'நாங்கள்'? அத்தான் ஒரு போல்ட்டையாவது திருகினாரா?" அவள் கியரை மாற்றினாள். கொஞ்ச தூரம் பேசவில்லை. பிறகு, "அவர் முகம் வாடிடக் கூடாதுன்னுதான்டி சொன்னேன்" என்றாள். அத்தான் அங்கே இல்லை, பின்னால் வேறு காரில் பிள்ளைகளோடு வந்துகொண்டிருந்தார். இல்லாத மனிதரின் வாடாத முகத்துக்காக ஆறு வருட வேலையைப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறாள். வாசல்காரர்கள் நம்மைப் பார்க்க மறுப்பது ஒரு பக்கம். நாமே ஒதுங்கி நின்று வழிவிடுவது மறுபக்கம். இரண்டாவதைப் பற்றி நாம் குறைவாகவே எழுதுகிறோம், அங்கே எதிரியின் முகம் இல்லை என்பதால்.

ஊருக்கு வந்து கல்லூரி திறந்த பிறகு, வகுப்பில் கேட்டேன்: வண்டியில் ஸ்பார்க் பிளக் மாற்றத் தெரிந்தவர்கள் யார்? அறுபது பேரில் பெரும்பாலோர் ஸ்கூட்டியில் வருகிறவர்கள். மூன்று கைகள், தோள் உயரத்துக்கு மேல் எழாமல். இரண்டு பேர், அண்ணன் செய்யும்போது பார்த்திருக்கிறேன் என்றார்கள். மூன்றாமவள் உண்மையிலேயே மாற்றியிருக்கிறாள், பலமுறை. அவள் வீட்டில் மூன்று வண்டிக்கும் அவள்தான். எப்படிக் கற்றாய் என்றேன்.

"சும்மா பண்றதுதான் மிஸ்" என்றாள்.

சும்மா இல்லை. அக்காவின் 'நாங்கள்' எங்கிருந்து வந்ததோ, அங்கிருந்துதான் இந்தச் 'சும்மா'வும் வந்திருக்கிறது. அவளை எழுந்து நிற்கச் சொல்லி, எப்படி மாற்றுவது என்று வகுப்புக்குச் சொல்லச் சொன்னேன். அன்று தொல்காப்பியம் பதினைந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது.