அது வேற பிள்ளை

முகப்பேர் கிழக்கில் இருக்கும் என் மாமா போன மாதம் வாட்ஸப்பில் ஒரு போஸ்டர் அனுப்பினார். 'நம் இனத்தின் மாமனிதர்கள்' என்று தலைப்பு. கீழே வரிசையாகப் படங்கள்: வ.உ.சிதம்பரம் பிள்ளை, மாயூரம் வேதநாயகம் பிள்ளை, மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. "உன் பையனுக்குக் காட்டுடா, நாம யாருன்னு தெரியட்டும்" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் வேறு.

சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவனுக்கு இந்த மாதிரிப் பட்டியல் பார்த்ததும் புரிந்துவிடும். பெயரின் கடைசிச் சொல்லை வைத்து ஃபில்டர் போட்ட எக்ஸெல் ஷீட் இது.

சரி, அந்த ஷீட்டை முழுசாகவே நிரப்புவோம். ரங்கூனில் வணிகம் செய்து பெயர் பெற்ற மதுரைப் பிள்ளை ஆதிதிராவிடர். தகழி சிவசங்கரப் பிள்ளை மலையாள நாயர். பெரியவாச்சான் பிள்ளை வைணவ உரையாசிரியர், பிராமணர். கடைசிச் சொல் எல்லோருக்கும் ஒன்றுதான். "இவங்களையும் போஸ்டர்ல சேர்க்கலாமா மாமா?" என்று கேட்டேன்.

"அது வேற பிள்ளை" என்றார்.

அப்படியானால் ராஜரத்தினம் பிள்ளை? அவர் இசை வேளாளர். நாகஸ்வரக்காரர்கள் சட்டை போடாமல், நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், கோட் போட்டு மேடையில் உட்கார்ந்து வாசித்தவர். அன்று அவர் வீட்டில் நம் குடும்பங்கள் பெண் கொடுத்திருக்குமா? பெருமைக்கு ஒரு பிள்ளை, சம்பந்தத்துக்கு வேறு பிள்ளை. மாமா இதற்கு ஒரு தம்ஸ்-அப் மட்டும் அனுப்பினார்.

போஸ்டரின் முதல் படத்துக்கே வருகிறேன். 1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவர் பாண்டித்துரைத் தேவர். 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். 1908-ல் வ.உ.சி.யோடு சேர்ந்து தண்டிக்கப்பட்டவர் சுப்பிரமணிய சிவா. அந்தக் கப்பலைச் சாதிப் பெயரை வைத்து ஃபில்டர் பண்ணினால் கரையைவிட்டே கிளம்பியிருக்காது. சிறையிலிருந்து வந்தபின் சென்னையில் சின்னக் கடை வைத்துக் கஷ்டப்பட்ட மனிதர் அவர். செத்த பிறகு அவரை உறவு கொண்டாடுவதற்குச் செலவே இல்லை.

உடனே ஒரு கேள்வி வரும்: பழைய பெயர்களிலிருந்தும் சாதியை வெட்டிவிடலாமா? கூடாது. 2021-ல் நம் பாடநூலில் உ.வே.சாமிநாதையரைச் 'சாமிநாதர்' ஆக்கியது இன்னொரு அபத்தம். தன் புத்தகங்களில் அவர் அச்சிட்ட பெயர் ஒரு ஆவணம். ஆவணத்தில் கை வைக்காதீர்கள். செத்தவர் தன் பெயரோடு இருக்கட்டும். உயிரோடு இருக்கிற நாம் அதில் தொங்கிக்கொண்டு போக வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விடுவது என்று தீர்மானம் போட்டார்கள். அந்தப் பழக்கம் பரவியதால்தான் இன்று ஆபீஸ் ஃபாரத்தில் 'லாஸ்ட் நேம்' கேட்டால் நம்மில் பலர் அப்பா பெயரைப் போட்டுச் சமாளிக்கிறோம். வெளியூர் மேனேஜர் என்னை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பரவாயில்லை. அந்தச் சின்னத் தொல்லை, ஒரு தலைமுறை விட்டுக்கொடுத்ததற்கான ரசீது. அதை இப்போது ஒரு போஸ்டருக்காகக் கிழிக்கச் சொல்கிறார் மாமா.

பையனுக்கு வ.உ.சி. கதையைச் சொல்லத்தான் போகிறேன் மாமா. பக்கீர் சேட்டையும் சேர்த்துத்தான் சொல்வேன்.